பேசும்போது கூட்டம் தூங்காமல் இருக்க ஸ்லைடை எப்படிச் செய்வது?

ராயபுரம் ரயில் நிலையம் பற்றி நம்ம ஏரியா நூலகத்தில் 20 நிமிடம் பேசணும், 35 ஸ்லைடு இருக்கு, போரடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 35 பிரச்சினையே இல்லை, ஒவ்வொன்றிலும் பத்து வரி இருந்தால்தான் பிரச்சினை. திரையில் எழுத்து வந்தவுடன் ஜனம் படிக்க ஆரம்பித்துவிடும், படித்துக்கொண்டே உங்கள் பேச்சையும் கவனிப்பது ஒரே நேரத்தில் இரண்டு பேர் காதில் கத்துவது மாதிரிதான், கடைசியில் இரண்டுமே ஏறாது.

அதனால் முதல் ஸ்லைடில் வணக்கம், தலைப்பு, உங்கள் பெயர் எல்லாம் வேண்டாம். நிலையத்தின் தூண்கள் தெரிகிற படம் ஒன்று திரை முழுக்க, ஓரத்தில் பெரிதாக 1856. அவ்வளவுதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது என்பதை வாயால் சொல்லுங்கள், அதுவும் "முதல் ரயில் சென்ட்ரலில் இருந்தா, எழும்பூரில் இருந்தா?" என்று கேட்டு, நாலு பேர் தப்பாகச் சொன்ன பிறகு.

அப்புறம் நிறம். நான் ஒருமுறை கருநீலப் பின்னணியில் மெல்லிய மஞ்சள் எழுத்து போட்டுக்கொண்டு போனேன், வீட்டில் பார்த்தபோது அட்டகாசமாக இருந்தது, அங்கே ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லாததால் மதிய வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சமான அறைக்கு வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்துதான் சரி. கடைசி வரிசையில் உட்கார்ந்து நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கதை சொல்லும்போது படம் தேவையில்லை என்றால் பவர்பாயின்ட்டில் ஆங்கில 'B' விசையைத் தட்டுங்கள், திரை கறுத்துவிடும், எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.