படித்தால் புரியும் சொல் எழுதும்போது ஏன் வருவதில்லை?

புதிய ஆங்கிலச் சொற்களைச் சேர்ப்பதைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே படித்தவற்றைத் தமிழ்ப் பொருளிலிருந்து ஆங்கிலத்துக்கு நினைவுகூர்ந்து பழகுங்கள். பல சொற்களைப் படித்திருந்தும், ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரையில் எளிய சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்ற உங்கள் சிக்கலுக்கு இதுவே முதல் தீர்வு.

ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வதை மட்டுமே நீங்கள் பழகியிருக்கக்கூடும். அடையாளம் காண்பது வேறு, தேவைப்படும் நேரத்தில் தேடி எடுப்பது வேறு. மேலும், சொல்லைத் தனியாகக் குறித்துவைத்தால் அது எந்த வினையோடு சேரும் என்பது தெரியாமல் கை நின்றுவிடும். ஆகவே ‘டிசிஷன்’ என்று எழுதாமல், ‘மேக் எ டிசிஷன்’ என்று முழுத் தொடராகவே எழுதிவையுங்கள். மனப்பாடப் பட்டியல்கள் பலவும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

சோதித்துப் பார்க்க, சென்ற வாரம் படித்த பத்துச் சொற்களின் தமிழ்ப் பொருளை மட்டும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லையும் அதை வைத்து ஒரு வாக்கியத்தையும் அகராதியைப் பாராமல் எழுதுங்கள். பாதிகூட வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் அடையாளம் காண்பதை மட்டுமே பழகியதுதான். வராதவற்றை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு என்றாலும், அங்கே பொருத்தமும் பார்க்கப்படுவதால், பொருந்தாத இடத்தில் வைத்த அரிய சொல் மதிப்பெண்ணைக் குறைக்கும்.