குளத்தைத் தூர்வார அரசு இருக்கும்போது தன்னார்வ அமைப்பு எதற்கு?

பொறுப்பு அரசுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காவிரி டெல்டாவில் இந்த வேலையை அரசு மட்டுமோ ஊர் மட்டுமோ தனியாகச் செய்து முடிக்க முடிவதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்புறம் பேராவூரணி இளைஞர்கள் நன்கொடை திரட்டி அங்குள்ள பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். பணம், பொக்லைன், ஆள்பலம் எல்லாவற்றையும் ஊரே திரட்டிவிடலாம். குளத்தின் எல்லை எதுவரை? சர்வேயர் வந்து புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, வைத்து அளந்தால்தான் தெரியும். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரமும் அரசிடம்தான். அள்ளிய வண்டலை வெளியே கொண்டுபோகவும் அனுமதி வேண்டும்.

எந்த வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைக்கும், எந்த மதகு கசியும் என்பது ஊர்க்காரர்களுக்கே அத்துப்படி. ஊர்மக்களே நீர்நிலைகளைப் பராமரிக்கும் பழைய முறையான குடிமராமத்து 2017-ல் அரசுத் திட்டமாகத் திரும்ப வந்தபோது, பாசனதாரர்கள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தது நல்ல ஏற்பாடு. பாசனதாரர் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர் நுழைந்தால் அது வீண்.

அரசோடு சேர்ந்தால் கேள்வி கேட்க முடியாதா? முடியும். 1981-ல் காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தொடங்கிய லாஃப்டி என்ற தன்னார்வ அமைப்பு, கடனுதவி பெற்று நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தது. அதே ஜெகந்நாதன்தான் இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினார். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து, எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்க்கும் அந்த உறவுதான் எனக்குச் சரியானதாகப் படுகிறது.

உங்கள் ஊரில் தொடங்குவதானால், மண்ணில் கை வைக்கும் முன் ஆட்சியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.