பால்மாவு டின்னில் இருந்த கற்கள்: கம்பி சுற்றுமுன் தண்ணீரில் எடை போடுங்கள்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்த என் அப்பா, பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளின் கரையில் பொறுக்கிய கற்களை ஒரு பால்மாவு டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, அவற்றில் சிலவற்றை உருட்டி மெருகேற்றும் இயந்திரத்தில் போட்டுப் பளபளப்பாக்கினேன். செம்புக் கம்பி சுற்றி, பதக்கங்களாகத் தீபாவளிச் சந்தையில் விற்க எண்ணுகிறேன். ஒரு கல் தேன் நிறம், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. தேன் நிறக் கல்லைப் புஷ்பராகம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். இவை என்ன கற்கள் என்று வீட்டிலேயே அறிய முடியுமா? கம்பி வேறு கல்லை விட்டு நழுவிக்கொண்டே இருக்கிறது.

பதில்: சகோதரி, கம்பி சுற்றும் வேலையைச் சில நாள் தள்ளி வையுங்கள். கம்பி ஏறிவிட்ட கல்லைச் சரியாக எடை போட முடியாது. எடைதான் உங்களுக்கு மிக நம்பகமான சாட்சி. நிறத்தை நம்பி ஒரு கல்லுக்குப் பெயர் வைக்கவே கூடாது என்பது இத்தொழிலில் நான் கற்ற முதல் பாடம். ஒரே தேன் நிறம் கண்ணாடியிலும் வரும், படிகக்கல்லிலும் (குவார்ட்ஸ்) வரும், விலை உயர்ந்த கல்லிலும் வரும்.

இதற்கு வேண்டியது 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு சிறு குவளைத் தண்ணீர், மெல்லிய நூல், அவ்வளவே. முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லைக் கையால் பிடித்தபடி, குவளையின் அடியையோ சுவரையோ தொடாமல் முழுவதும் மூழ்க விடுங்கள். அப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். கல்லில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குக் கெடும். ஆகவே தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, கல்லை விரலால் தடவி இறக்குங்கள்.

உங்கள் தேன் நிறக் கல் உலர்ந்த நிலையில் 9.54 கிராம், மூழ்கும்போது 3.60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 2.65 வரும், அது பெரும்பாலும் படிகக்கல். நம் ஊர் நகைக்கடைகளில் புஷ்பராகம் என்ற பெயர் மஞ்சள் குருந்தக்கல்லுக்கும் வழங்குகிறது, டோபாஸுக்கும் வழங்குகிறது. குருந்தத்தின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 4.00, டோபாஸுக்கு 3.53 அளவில். தண்ணீரில் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ள வழியே இல்லை. அண்ணன் சொன்னதை முற்றாகத் தள்ளவும் வேண்டாம். வெள்ளீயத் தாது உண்டாகும் கருங்கல் பாறைகளில் படிகக்கல், டூர்மலின், டோபாஸ் மூன்றும் சேர்ந்து வருவதுண்டு. கல் சிறியதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. 0.80 கிராம் கல்லில் தராசு 0.01 பிசகினாலே விடை 2.58 முதல் 2.76 வரை ஆடும். அந்த இடைவெளிக்குள் படிகக்கல்லும் மரகதமும் இரண்டுமே அடங்கிவிடும்.

பச்சைக் கல் 2.50 அளவில் நின்றால், பெரும்பாலும் அது சுரங்கக் கரையில் உருண்டு தேய்ந்த பாட்டில் கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் உருண்டையான குமிழிகளோ, பாகு ஓடியது போன்ற சுழிக் கோடுகளோ தெரிந்தால் சந்தேகம் தீரும். இன்னொரு சோதனையும் உண்டு. மடிக்கணினித் திரையை வெள்ளையாக வைத்து, அதன் முன் போலராய்டு வெயில் கண்ணாடியைத் திருப்பி, திரை இருளும் இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் கல்லைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். படிகக்கல் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருளும். கண்ணாடி பெரும்பாலும் இருண்டே இருக்கும். ஒரே பக்கமாகப் பார்த்து முடிவு செய்யாமல், கல்லை மூன்று திசைகளிலும் வைத்துப் பாருங்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது உங்கள் கறுப்புக் கல்தான். ஒப்படர்த்தி 6.8-க்கு மேல் வந்தால் அது வெள்ளீயத் தாதாக இருக்கக்கூடும், 3.1 அளவில் வந்தால் கறுப்பு டூர்மலின். 2.4 அளவில் வந்தால் கண்ணாடி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஏறக்குறைய 790,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதியதில் உருகித் தெறித்த டெக்டைட் என்னும் இயற்கைக் கண்ணாடி, மலேசியாவிலும் ஈயச் சுரங்க மண்ணில் கிடைத்திருக்கிறது. அதன் மெல்லிய ஓரத்தில் டார்ச் அடித்தால் கறுப்பு பழுப்பாக மாறும். அதன் முக்கிய அடையாளம் மேற்பரப்பிலுள்ள குழிகளும் வரிகளும். மெருகேற்றும்போது அவை அழிந்துவிடும். டின்னில் மிச்சமிருக்கும் கறுப்புக் கற்களை இனி இயந்திரத்தில் போட வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். டின்னின் அடியில் கனமான கறுப்பு மணல் தங்கியிருந்தால் அதையும் அரைக்கவோ தூசியாகப் பறக்கவிடவோ வேண்டாம். ஆமாங் எனப்படும் அந்த ஈயச் சுரங்கக் கழிவு மணலில், தோரியம் கொண்ட மோனசைட் கலந்திருப்பதுண்டு.

மெருகேற்றிய கல்லில் கீறிப் பார்க்கும் சோதனை வேண்டாம், பளபளப்பு போய்விடும். தவிர, படிகக்கல்லோடு ஒரே உருளையில் சுற்றியும் மழுங்காமல், அதே அளவு பளபளப்பு ஏறிய கல், கடினத்தில் (1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவில்) படிகக்கல்லின் 7-ஐ ஒட்டியதாகவே இருக்கும்.

இனி கம்பி. உருட்டி மெருகேற்றிய கல்லுக்கு விளிம்பு இல்லாததால்தான் ஒற்றைச் சுற்று நழுவுகிறது. கூண்டு முறையே இதற்குச் சரி. 20 கேஜ், அதாவது 0.81 மில்லிமீட்டர், மென்செம்புக் கம்பியில் இரண்டு வளையங்களைக் கல்லின் குறுக்கே ஒன்றையொன்று வெட்டும்படி வைத்து, வெட்டும் இடங்களை அதைவிட மெல்லிய 26 கேஜ் கம்பியால் நான்கைந்து சுற்று இறுக்கிக் கட்டுங்கள். வளையங்கள் கல்லின் மிகப் பருத்த இடத்தைத் தாண்டி, அது குறுகும் தோளில் உட்கார வேண்டும். நழுவாமல் பிடிப்பது அந்தத் தோள்தான். கட்டுமுன் கல்லை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். கம்பியைக் குறட்டால் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது இறுகி ஒடியும். ஆகையால் ஒரே வளைவில் வடிவம் வரும்படி முதலில் நூலால் அளவெடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றை இழை மின்கம்பியை உரித்தால் கிடைக்கும் செம்பு 1.38 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சிறு கல்லுக்கு அது முரடு. செம்பு வியர்வையில் கறுத்து, தோலில் பச்சைக் கறை விடும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

விற்கும்போது சீட்டில் நீங்கள் சோதித்து அறிந்ததை மட்டும் எழுதுங்கள்: "படிகக்கல், செம்புக் கம்பி" என்பது போதும். ஒளி ஊடுருவும் கல் எதுவும் 3.5-க்கு மேல் வந்தால், அதைக் கம்பி கட்டாமல் தனியே எடுத்து வைத்து, இரத்தினச் சோதனைக்கூடத்தில் காட்டுங்கள். பச்சைக் கல் கண்ணாடி என்று உறுதியானால், முதல் மூன்று கூண்டுகளை அதிலேயே கட்டிப் பழகிவிட்டுத் தேன் நிறக் கல்லைக் கையில் எடுங்கள்.