வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்
சகோதரி, தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறம் இரண்டு மாதமாக வெள்ளைத் திட்டு, புகையிலை போடும் பழக்கமும் உண்டு, வலி இல்லாததால் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. என் பெரியம்மா அப்படித்தான் ஒரு வருடம் தள்ளிப்போட்டார். பிறகு தாடையில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று. இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். எல்லாத் திட்டும் புற்றாகிவிடாது. சதைப் பரிசோதனை (திட்டிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) செய்தால் நோய் பரவும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படியே கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையும் கேளுங்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம். நீங்களும் செய்துகொள்ளுங்கள்.