4கே டிவிக்கு மாறலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் 40 இஞ்ச் ஃபுல் எச்.டி. டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. கேபிள்காரர் கொடுத்த எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) பாக்ஸில் செய்தியும் சீரியலும் பார்க்கிறோம். 43 இஞ்ச் 4கே வாங்கலாம் என்கிறான் மகன். மாற்றலாமா?
- வாசகி, அரூர்

இப்போதைக்கு வேண்டாம். உள்ளே போகிற படம் எவ்வளவு தெளிவோ, திரையில் அவ்வளவுதான் தெரியும். எஸ்.டி. பாக்ஸ் தருவது 720 × 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840 × 2160, அதாவது 83 லட்சம். இல்லாத புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்புவதால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். உங்கள் பழைய டிவியே அந்தச் சேனல்களை இன்னும் நன்றாகக் காட்டக்கூடும்.

ஒரு டேப்பை எடுத்துத் திரையிலிருந்து நாற்காலி வரை அளந்துவிடுங்கள். 43 இஞ்ச் திரையை ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், நல்ல பார்வை உள்ளவருக்கும் ஃபுல் எச்.டி. புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 55 இஞ்சுக்கு இந்தத் தூரம் சுமார் 7 அடி. ஹாலில் 9, 10 அடி தள்ளி உட்காருபவர்களுக்கு 43 இஞ்சில் 4கே என்பது அட்டைப்பெட்டியில் இருக்கும் எழுத்து மட்டுமே.

அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும்: எச்.டி. பாக்ஸுக்கு மாறி, எச்.டி. சேனல்களை எடுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை ஒயரைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. ஒயரில் இணையுங்கள். மஞ்சள் முனையில் எஸ்.டி. படம் மட்டுமே போகும், எச்.டி. பாக்ஸ் வாங்கியும் பலர் ஏமாறுவது இங்கேதான். டிவி பழுதாகி மாற்றியே ஆக வேண்டும் என்றால் 4கே வாங்குங்கள். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

55 இஞ்ச் 4கே டிவி, 50 எம்பிபிஎஸ் ஃபைபர் எல்லாம் இருந்தும் ஓடிடி படங்கள் மங்கலாகவே தெரிகின்றன. என்ன செய்வது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

முதலில் சந்தாவைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டத்தில்தான் 4கே வரும். அதற்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும், மணிக்கு 7 ஜிபி வரை டேட்டா போகும். வேகத்தை மொபைலில் சோதிக்காமல் டிவியிலேயே சோதியுங்கள். ரூட்டர் முன்னறையிலும் டிவி இரண்டு சுவர் தாண்டியும் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வலுவிழந்துவிடும். ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் ஒயர் இழுப்பதே நிரந்தரத் தீர்வு. டிவியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் 4கே ஓடிடிக்கு அது தாராளம்.

யூடியூபில் தரத்தை ஆட்டோவில் விடாமல் 2160பி (அதுதான் 4கே) எனத் தேர்ந்தெடுங்கள். பிறகு, கடையில் வைத்த 'விவிட்' மோடை 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். எழுத்துகளின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு மறையும்வரை ஷார்ப்னெஸைக் குறையுங்கள். இதைச் செய்யாத 4கே டிவியைப் பார்த்துவிட்டு 4கேவையே குறை சொல்வது நியாயமில்லை.

8கே டிவி வரும்வரை காத்திருக்கலாமா?
- வாசகர், ஓசூர்

வேண்டாம். 8கே, அதாவது 7680 × 4320-ல் எடுத்த படம் யூடியூபில் சில கிடைக்கும், அவ்வளவே. அதே பணத்துக்கு ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) அல்லது லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கை மங்கச் செய்யும் வசதி) உள்ள 4கே டிவி வாங்குங்கள். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே தெரிவதுதான் கண்ணுக்கு உடனே புரிகிற முன்னேற்றம். எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி) என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. திரைக்குப் போதிய வெளிச்சம் இல்லையென்றால் படம் இன்னும் மங்கும்.

எங்கள் கல்யாண வி.எச்.எஸ். கேசட்டை 4கே ஆக்கித் தருவதாக ஒரு ஸ்டுடியோவில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

கேசட்டில் பதிவாகாத விவரத்தை எவராலும் வரவழைக்க முடியாது. 720 × 576 அளவில், 4:3 வடிவம் மாறாமல், நேரடியாகப் பதிவு செய்த கோப்பைக் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். அகலத் திரைக்காக இழுத்தால் மணமக்கள் குண்டாகத் தெரிவார்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள்; நாடாவைப் படிக்கும் ஹெட் கெடும், நாடாவும் அறும். முதலில் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்: வி.எச்.எஸ். பிளேயர் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது.