தண்டவாளத்துல கிடந்த உடம்பு: போஸ்ட்மார்ட்டத்துல என்ன தெரியும், நீங்க என்ன கேக்கணும்

கேள்வி: அண்ணன் நைட் ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வரல, காலைல ரயில்வே லைன்ல பாடி கிடைச்சுது. ட்ரெயின் அடிச்சிருக்குன்னு ரயில்வே போலீஸ் சொல்றாங்க, எங்களுக்கு மனசு ஒப்பல. போஸ்ட்மார்ட்டத்துல உண்மை தெரிஞ்சிடுமா?

பதில்: ட்ரெயின் அடிச்சிருக்கான்னு கண்டுபிடிக்கறது பெரிய வேலை இல்லீங்க. அடிச்சப்ப உங்க அண்ணன் உயிரோட இருந்தாரா, அதான் டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது. போலீஸ் இதை எழுத்துல கேட்டா டாக்டர் அதுக்குன்னு பார்த்து பதில் எழுதுவாரு, கேக்கலேன்னா பலத்த காயத்தால மரணம்னு ஒரே வரியில கூட முடிஞ்சிடும். அதனால இன்க்வெஸ்ட் (போலீஸ் உடம்ப பார்த்து, சாட்சிங்கள விசாரிச்சு எழுதற மரண விசாரணை) நடக்கறப்பவே உங்க சந்தேகத்த எழுதிக் குடுத்து, வாக்குமூலத்துல ஏத்தச் சொல்லுங்க.

உயிரோட இருக்கறப்ப பட்ட காயத்துல ரத்தம் சுத்தியிருக்கற சதைக்குள்ள ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. செத்தப்புறம் சக்கரம் ஏறியிருந்தா அந்த இடம் வெளிறி மஞ்சளா இருக்கும். ஆனா இங்க ஒரு சிக்கல், ட்ரெயின் அடிச்சா நிறைய பேர் அந்த நொடியே போயிடுவாங்க, அப்ப உயிரோட பட்ட காயத்துலயும் ரத்தக்கசிவு கம்மியாத்தான் இருக்கும். வாட்ஸ்அப்ல போட்டோவ பார்த்துட்டு ரத்தமே இல்ல, கொலைதான்னு தீர்ப்பு சொல்றவங்க பேச்ச தயவுசெஞ்சு கேக்காதீங்க.

அதவிட முக்கியம், ட்ரெயினால வரவே முடியாத காயம். கழுத்துல கயிறு தடம், கத்திக்குத்து, தடுக்கப்போய் கையில வாங்கின வெட்டு, இதெல்லாம். சக்கரம் ஏறின காயத்துல கிரீஸ் கருப்பும் ஜல்லித் தூளும் ஒட்டியிருக்கும், அதுல சேராத காயம் ஏதாவது இருந்தா தனியா விளக்கம் வேணும். கழுத்து சிதைஞ்சிருந்தா உள்சதைய அடுக்கடுக்கா பிரிச்சுப் பார்க்கணும், அவசரமா முடிச்சா இது தான் விட்டுப்போகும். இன்னொன்னு, செத்தப்புறம் ரத்தம் கீழ்ப்பக்கமா இறங்கி தோல்ல ஊதா திட்டு விழும், சில மணி நேரத்துல அது உறைஞ்சிடும். பாடி மல்லாக்க கிடந்து திட்டு நெஞ்சுப் பக்கம் உறைஞ்சிருந்தா உடம்பு இடம் மாறியிருக்குன்னு அர்த்தம், எப்படி மாறுச்சுன்னு விசாரிக்கணும்.

2015ல நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்துல கோகுல்ராஜ்ங்கற இளைஞரோட உடல் கிடைச்சப்ப முதல்ல தற்கொலைன்னு தான் பேச்சு. அப்புறம் கொலை வழக்காச்சு, திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பதிவு முக்கிய சாட்சியா நின்னு, 2022ல மதுரை ஸ்பெஷல் கோர்ட் 10 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அதனால வழியில இருக்கற கடை கேமரா, அண்ணனோட போன் கால் ரெக்கார்ட், ரெண்டும் உடனே வேணும், கேமரா பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடும்.

வண்டி பக்கமும் பாருங்க. இன்ஜின் ட்ரைவருக்கு அடிச்சது தெரிஞ்சா ஸ்டேஷன் மாஸ்டருக்கு சொல்லுவாரு, அங்கிருந்து ரயில்வே போலீஸுக்கு மெமோ வரும், எந்த வண்டி எத்தன மணி எந்த கிலோமீட்டர்னு அதுல இருக்கும். மெமோவே இல்லேன்னா உடனே பயப்படாதீங்க, ராத்திரி ட்ரைவருக்கு தெரியாமலும் போகலாம். அப்ப அந்த நேரத்துல கடந்த வண்டிங்கள கன்ட்ரோல் ஆபீஸ் பதிவ வெச்சு எடுத்து, இன்ஜின் முன்பக்கமும் சக்கரமும் ரத்தம், முடி, துணி நூல் இருக்கான்னு பார்க்கணும், லேட் பண்ணா மழையிலயோ கழுவுறதுலயோ எல்லாம் போயிடும்.

விபத்தா தற்கொலையாங்கறத காயத்த மட்டும் வெச்சு எந்த டாக்டரும் சொல்ல முடியாது. விசரா ரிப்போர்ட்ல (வயிறு, கல்லீரல் மாதிரி உள்ளுறுப்ப லேப்ல சோதிச்சு தர்றது) சாராயமோ விஷமோ இருந்துச்சான்னு தெரியும், மீதி விசாரணையில தான்.

எஃப்ஐஆர் காப்பி (இப்ப புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194வது பிரிவுல போடுவாங்க), இன்க்வெஸ்ட் ரிப்போர்ட், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், விசரா ரிப்போர்ட் நாலையும் கேட்டு வாங்குங்க. சந்தேகம் தீரலேன்னா எரிக்காதீங்க, புதைங்க. 2013ல தர்மபுரில இதே மாதிரி தண்டவாளம் பக்கம் கிடைச்ச இளவரசன்ங்கற இளைஞரோட உடலுக்கு ஹைகோர்ட் உத்தரவுல எய்ம்ஸ் டாக்டர்கள் மறு போஸ்ட்மார்ட்டம் பண்ணாங்க, உடம்பு இருந்ததால தான் அது நடந்துச்சு.

அண்ணன் ட்ரெயின்ல வந்து தவறி விழுந்திருக்கலாம்னா பர்ஸ்ல டிக்கெட்டோ சீசன் பாஸோ இருந்துச்சான்னு இன்க்வெஸ்ட் ரிப்போர்ட்ல பாருங்க. பயணி விழுந்து இறந்தா ரயில்வே 8 லட்சம் குடுக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள ரயில்வே கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல்ல (இழப்பீடு வழக்கு பார்க்கற தீர்ப்பாயம்) மனு போடணும். டிக்கெட் கிடைக்கலேன்னு மட்டும் சொல்லி தள்ள முடியாதுன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. லைன கிராஸ் பண்றப்ப அடிச்சிருந்தா இந்தப் பணம் வராது.