பதினெட்டுக்குப் பிறகு: சமூகப்பணியில் முனைவர் பட்டம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு 34 வயது. 2014இல் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தேன். ஆறு வருடங்களாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பேராசிரியர் ஒருவர் கைடாக இருக்கச் சம்மதித்து, ‘குழந்தைகள் இல்லங்களில் வாழும் சிறாரின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்று தலைப்பும் கொடுத்துவிட்டார். “ஃபைலெல்லாம் உங்க கையிலேயே இருக்கு, டேட்டாவுக்கு அலைய வேண்டியதே இல்லை” என்கிறார். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. மறுத்தால் வேறு கைடு கிடைப்பாரா என்றும் பயம். அவரிடம் என்ன சொல்வது? இந்த வயதில் தொடங்கலாமா? வேலையை விடவா, பகுதிநேரமாகச் சேரவா? பட்டம் வாங்கி என்ன பயன்?

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு போன். எங்கள் மாவட்ட இல்லத்தில் வளர்ந்து போன வருடம் வெளியே போன பையன். அவன் ஆதாரில் இருப்பது இல்லத்தின் முகவரி. பதிவான நம்பர் பழைய கண்காணிப்பாளருடையது. வங்கியில் ஓடிபி கேட்கும்போதெல்லாம் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறான்.

(பெயரும் மாவட்டமும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆய்வு அந்தப் பின்குறிப்பில்தான் இருக்கிறது. கடிதத்தின் மற்ற பகுதியைப் படித்துவிட்டுப் பதில் யோசித்துக்கொண்டே வந்தவள், அந்த ஓடிபியில் வந்து நின்றுவிட்டேன்.

பதினெட்டு வயது வரை அந்தப் பையனுக்கு ஒரு கோப்பு இருந்தது. சமூக விசாரணை அறிக்கை, தனிநபர் பராமரிப்புத் திட்டம், குழந்தைகள் நலக்குழுவின் ஆணை எல்லாம் இருந்தன. பதினெட்டு முடிந்த மறுநாள் அந்தக் கோப்பு கட்டி வைக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 46ஆம் பிரிவில் பின்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கான உதவி, பற்றிப் பேசுகிறது. 21 வயது வரை உதவலாம். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய்க்கு வழியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கைத் திறக்க ஓடிபி வேண்டும். அது வேறொருவர் போனுக்குப் போகிறது. சட்டத்துக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை ஆறு வருடம் களத்தில் நின்ற உங்களைப் போன்றவர்களால்தான் பார்க்க முடியும். பல்கலைக்கழக அறையில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவே தோன்றாது.

நாட்டிலேயே முதன்முதலில், 1920இல், குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். இல்லங்கள் நடத்துவதில் நமக்கு நூறாண்டு அனுபவம். அங்கே வளர்ந்து வெளியே போனவர்கள் முப்பது வயதில் எங்கே இருக்கிறார்கள், யார் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார்கள், முதல் வேலைக்கு யார் சிபாரிசு செய்தார்கள், கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகையில் யாரை அழைத்துப் போனார்கள்? தில்லியின் உதயன் கேர் அமைப்பு தில்லி, மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் இப்படி வெளியேறிய இளைஞர்களிடம் ஆய்வு நடத்தியது. தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை. நீங்கள் போக வேண்டிய இடம் இது.

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. ‘சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்ற அச்சில் வார்த்த ஆய்வேடுகளைப் பல வருடம் டாக்டரல் கமிட்டிகளில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். வயது, சாதி, பெற்றோர் வருமானம், குடும்ப அளவு என்று அட்டவணை அட்டவணையாகப் போகும். கடைசி அத்தியாயத்தில் ‘அரசு விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்’ என்று முடியும். முன்பே தெரிந்ததைத் தவிர ஒரு வரி புதிதாக இருக்காது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் சோத்கங்கா களஞ்சியத்தில் குழந்தைகள் இல்லங்கள் பற்றிய நாலைந்து ஆய்வேடுகளை இறக்கி, கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசியுங்கள். உங்கள் அனுபவத்துக்கு அவற்றில் எத்தனை வரி புதிது என்று பென்சிலால் கோடிடுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்தக் கோப்புகள் உங்களுடையவை அல்ல. உங்களை நம்பி ஒரு பெண் குழந்தை தன் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது, நீங்கள் அதை எழுதியது அவளைப் பாதுகாப்பதற்காக. உங்கள் ஆய்வுக்காக அவள் வாய் திறக்கவில்லை. அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பணியாளராக இருந்து பெற்ற நம்பிக்கையை ஆய்வாளராகச் செலவழிக்கக் கூடாது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பார்கள். ஒரு தாலுகாவுக்குள் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதினெட்டைத் தாண்டியவர்களோடு பேசினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். அவர்கள் பெரியவர்கள், ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள். ஆனாலும் உங்கள் மாவட்டத்தில் செய்யாதீர்கள். அங்கே நீங்கள் ‘மேடம்’. மேடம் கேட்டால் மறுக்கத் தெரியாது அவர்களுக்கு. பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் துறையின் எழுத்துபூர்வ அனுமதியும் வாங்குங்கள். பஸ் காசும் அன்றைய கூலியும் உங்கள் செலவில் கொடுங்கள். தினக்கூலிக்குப் போகிறவனுக்கு இரண்டு மணி நேரப் பேட்டி என்பது அரை நாள் சம்பளம். முப்பது பேர் மனம் விட்டுப் பேசினால் முந்நூறு பேரின் வினாத்தாளைவிட அதிகம் தெரியவரும் என்பது என் கட்சி. எண்ணிக்கைதான் ஆய்வு என்று வாதிடும் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, ஏன் இத்தனை பேர், ஏன் இவர்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இனி நடைமுறை. முனைவர் பட்டத்துக்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்கு உண்டு. 30தான் வரம்பு, பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு. உங்களுக்கு 34. அதனால் அதற்கான தேசியத் தகுதித் தேர்வை, அடுத்து வரும் நெட்டை, எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். சமூகப்பணிக்குப் பாட எண் 10. ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. உங்கள் ஒப்பந்தச் சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வேலையை விடலாமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதில் இருக்கிறது. ஜேஆர்எஃப் வராமல் ‘பிஎச்.டி. மட்டும்’ என்ற வகையில் தேறினாலும், அந்த மதிப்பெண் 70, நேர்காணல் 30 என்று கணக்கிட்டுச் சேர்க்கலாம். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். சில பல்கலைக்கழகங்கள் தனி நுழைவுத்தேர்வும் நடத்துகின்றன. அந்தந்த அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள். முதுகலையில் 55 விழுக்காடு தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு.

பகுதிநேரம் என்றால் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதுமான நேரம் தருகிறோம், பாடநெறிக்குத் தேவைப்பட்டால் விடுவிக்கிறோம் என்று அதில் எழுதித் தர வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரியிடமே இதையும் கேட்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். காலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறு; மறுபதிவில் இரண்டு கூடும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. எம்.ஃபில். இப்போது இல்லை, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கைடு விஷயத்தில் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இடம் காலி இருக்கிறதா? உதவிப் பேராசிரியர் நான்கு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, பேராசிரியர் எட்டு, அதற்கு மேல் எடுக்க முடியாது. இரண்டு, ஓய்வு எப்போது? பணி ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. மூன்றாவதை அவரிடம் கேட்காதீர்கள், அவரிடம் ஆய்வு செய்தவர்களிடம் கேளுங்கள்: அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருவார்? வீட்டு வேலை வாங்குவாரா? தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயன் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரி வேலை மட்டும்தான் குறி என்றால், உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும் என்று 2023 ஜூலையில் யுஜிசி சொல்லிவிட்டது. அதற்காக ஐந்தாறு வருடத்தைக் கொடுக்காதீர்கள். சுயநிதிப் பிரிவில் வரும் சம்பளமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்காப்பு விதிகளை எழுதுகிறவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, ‘பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே ஆதாரில் அவன் சொந்த நம்பரைச் சேர்த்துவிடுங்கள், கணக்கு திறந்துவிடுங்கள்’ என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று நினைத்தால், வாருங்கள். ஒப்பந்தப் பணியாளர் சொன்னால் கூட்டக் குறிப்பில்கூட ஏறாத விஷயம் அது. அதை ஆய்வேடாகக் கொண்டுபோனால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பேராசிரியரிடம் தலைப்பு பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பத்தியில் ஓடிபி, பையனின் அடையாளம் தெரியாதபடி. அடுத்து உங்கள் கேள்வி, அதற்கு இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் யாரிடம் எப்படிக் கேட்கப் போகிறீர்கள், எதைத் தொட மாட்டீர்கள். “சார், இதைச் செய்ய ஆசைப்படறேன், கோப்புகளை எடுக்கப் போறதில்லை” என்று சொல்லுங்கள். படித்துவிட்டு ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்டால் அவரிடமே சேருங்கள். ‘இதெல்லாம் பாஸாகாதும்மா’ என்று ஒதுக்கினால், சென்னை, திருச்சி, மதுரை, கோவை, திருவாரூர் என்று சமூகப்பணித் துறைகள் இருக்கின்றன. அதே இரண்டு பக்கத்தோடு அங்கே போய்க் கேளுங்கள்.

அந்தப் பையனை ஆதார் சேவை மையத்துக்கு அனுப்புங்கள். நம்பர் மாற்ற பழைய ஓடிபி தேவையில்லை, விரல் ரேகை போதும்.

அன்புடன்.